ஓக் தோப்பின் மண்ணைத் தொடாதீர்கள்: நகர மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மன்றத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். ஓக் தோப்பை வெட்டி வாகன நிறுத்துமிடம் அமைக்கும் தீர்மானத்தின் பின்னணி உங்களுக்குத் தெரிந்ததே. இந்த மடலின் ஆங்கில வடிவம் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. சிகாகோவின் இந்தப் புறநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களும் விவரம் தெரிந்து பொது விசாரணைக்கு வரவேண்டும் என்பதால் தமிழிலும் எழுதுகிறோம்.

அந்தத் தோப்பில் பாதுகாக்கத் தக்க உயிரினம் எதுவும் காணப்படவில்லை என்கிறது தீர்மானத்துடன் இணைத்த ஆய்வறிக்கை. ஆய்வு நடந்தது அக்டோபரில். பார்த்தது தரைக்கு மேலே மட்டும். 2024 ஜூன் மாதம் அதே மரங்களின் அடியில் பக்கத்தில் நின்றவர் பேச்சுக்கூடக் காதில் விழாத அளவுக்கு இரைந்தவை, மண்ணுக்குள் 17 ஆண்டு வாழ்ந்து ஒன்றாக வெளிவரும் சிள்வண்டுகள். அவற்றின் பிள்ளைகள் இப்போது அந்த மண்ணுக்குள் இருக்கின்றன. 2041 வரை அங்கேதான் இருக்கும். அக்டோபரில் நடந்து பார்த்தவர் கண்ணுக்கு எப்படித் தெரியும்?

பெண் பூச்சி பென்சில் கனமுள்ள கிளைகளைக் கீறி, ஒரு கீறலுக்கு 20 முட்டை வாக்கில், மொத்தம் 500 வரை இடுகிறது. ஆறு முதல் பத்து வாரத்தில் பொரிந்த குஞ்சு, அரிசியைவிடச் சிறியது, தரையில் விழுந்து மண்ணுக்குள் இறங்கி ஒரு சிறு வேரைப் பற்றிக்கொள்கிறது. வேரிலிருந்து மேலேறும் நீர்ச்சாறுதான் அதன் உணவு. அதில் சத்து மிகக் குறைவு. உடலுக்குள் வாழும் நுண்ணுயிரிகள் தேவையான அமினோ அமிலங்களைச் செய்து தருவதால்தான் அதைக் குடித்துப் பிழைக்க முடிகிறது. அதனால் வளர்ச்சியும் மெதுவானது. பெரும்பாலும் இரண்டடி ஆழத்துக்குள், வேரை ஒட்டிய சின்னஞ்சிறு மண்ணறையில் இருந்தபடி ஐந்து வளர்ச்சிப் பருவங்களைக் கடக்கிறது. 17-ஆம் வசந்தத்தில், 20 சென்டிமீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பம் ஏறக்குறைய 18 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் எல்லாம் சில நாட்களுக்குள் ஒன்றாக வெளியேறுகின்றன.

மரத்தை வெட்டினால் வேர் சாகிறது. வேரோடு அதைப் பற்றியிருப்பதும் பட்டினியில் சாகிறது. அடுத்த மரத்தைத் தேடி இந்த இளம்பூச்சியால் மண்ணுக்குள் பயணம் போக முடியாது. மரத்தை விட்டுவைத்து, அடியில் புல்டோசரை ஓட்டினாலும் மண் இறுகி அறைகள் நசுங்கும். மேலே தார் போட்டுவிட்டால், ஒருவேளை உயிரோடு மிஞ்சியவையும் 2041-இல் வெளியே வர வழியில்லை. இது யார் கண்ணிலும் படாமல் நடக்கும் சாவு. யாரும் புகார் செய்யப் போவதில்லை. 2041-இன் ஜூன் மாதம் அமைதியாகக் கழிந்தால், காரணம் கேட்க இந்த மன்றத்தில் இன்றிருப்பவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

வெட்டும் ஒவ்வொரு மரத்துக்கும் மூன்று கன்றுகள் வேறிடத்தில் நடப்படும் என்ற உறுதிமொழியை மதிக்கிறோம். ஆனால் அது இந்தப் பூச்சிகளுக்கு எந்த வகையிலும் ஈடாகாது. பாதித் தோப்பை விட்டுவைக்கும் யோசனையும் அப்படியே. கடிப்பது, கொட்டுவது, வேகமாகப் பறந்து தப்புவது எதுவும் இவற்றுக்குக் கிடையாது. பறவைகளும் அணில்களும் வயிறு நிறையத் தின்ற பிறகும் மிச்சமிருக்கும் எண்ணிக்கையே இவற்றின் ஒரே காப்பு. சிகாகோவுக்குத் தெற்கே ரக்கூன் குரோவ் காட்டில் 1956-இல் சிள்வண்டுகள் வெளியேறிய துளைகளை ஆய்வாளர் ஹென்றி டைபஸ் குழுவினர் எண்ணினார்கள். தாழ்நிலக் காட்டில் ஏக்கருக்கு 15 லட்சம் அளவுக்கும், மேட்டில் 1,33,000 அளவுக்கும் கணக்கு வந்தது. ஒரே ஆண்டில் சேர்ந்து வெளிவரும் கூட்டத்தை ஓர் அணி என்று எண்ணிட்டுச் சொல்வார்கள்; நம் சிள்வண்டுகளும் அந்தக் காட்டில் எண்ணியவையும் பதின்மூன்றாம் அணியைச் சேர்ந்தவை. கூட்டம் சிறுத்தால் முட்டையிடும் முன்பே பறவைகள் தின்று தீர்த்துவிடும். ஒரு தோப்பில் அழிந்தபின் வெளியிலிருந்து வந்து குடியேறுவதும் அரிது, ஏனென்றால் வளர்ந்த பூச்சியும் பிறந்த மரத்தைவிட்டு அதிக தூரம் போவதில்லை.

ஓர் அணி முழுவதுமே இல்லாமல் போகும் என்பது வெறும் அச்சம் அல்ல. நியூ இங்கிலாந்தின் பதினோராம் அணியை 1954-க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

ஆகவே கேட்கிறோம்: ஓக் மரங்களையும் அவற்றின் கீழுள்ள மண்ணையும் விட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2024-இல் பதின்மூன்றாம் அணியும் தெற்கில் 13 ஆண்டுக்கு ஒருமுறை வரும் பத்தொன்பதாம் அணியும் 1803-க்குப் பிறகு முதன்முறையாக ஒரே ஆண்டில் வந்தபோது, இல்லினாய் முழுவதும் அதைப் பெருமையாகப் பேசியது. பள்ளிப் பிள்ளைகள் உதிர்ந்த தோலைச் சேர்த்தார்கள். மரங்களுக்கு மருந்தடிக்க வேண்டாம், புதுக் கன்றுகளுக்கு மட்டும் ஒரு சென்டிமீட்டருக்குள் கண்ணுள்ள வலை கட்டினால் போதும் என்று வல்லுநர்கள் சொன்னதைப் பலர் கேட்டு நடந்தார்கள். நுனிக்கிளைகள் காய்ந்தும் பெரிய மரங்கள் தாங்கிக்கொண்டன. வந்தபோது கொண்டாடிவிட்டு, மண்ணுக்குள் போனதும் மறப்பது நியாயம்தானா? கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எண்ணும் அனுமதி முறை இந்த ஒரு தோப்போடு நிற்கப் போவதில்லை என்பதே எங்கள் கவலை. 2024-இல் எங்கெங்கு வெளிவந்தன என்ற பதிவைப் பார்க்காமல் எந்த மர அனுமதியும் இனி வழங்கக் கூடாது.

வாகனம் நிறுத்த இடம் தேவை என்பதை மறுக்கவில்லை. தோப்புக்கு மேற்கே வெகுகாலமாக மரமே இல்லாத புல்வெளி இருக்கிறது. மர வேர் இல்லாத இடத்தில் இவை இருக்காது. நிறுத்துமிடத்தை அங்கே அமைக்கலாம். பணி நடக்கும்போது கிளை பரப்பின் விளிம்புக்கு வெளியே வேலி போட்டு, உள்ளே லாரியும் மண் குவியலும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குழாய் கொண்டுபோக வேண்டியிருந்தால் பள்ளம் தோண்டாமல் வேருக்குக் கீழே துளையிட்டுச் செலுத்தலாம்.

அடுத்த கூட்டத்தில் தீர்மானத்தை மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளும்படியும், அதுவரை ஒரு மரத்தையும் வெட்டாமல் நிறுத்திவைக்கும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். ஓக் மரங்களையும் அவற்றின் கீழுள்ள மண்ணையும் விட்டுவிடுங்கள். பூச்சியியல் தெரிந்த ஒருவரை நீங்கள் அழைத்தால், தோப்பின் எந்த மூலையில் எத்தனை துளைகள் இருந்தன என்ற எங்கள் 2024 குறிப்புகளை அவரிடம் அப்படியே ஒப்படைக்கிறோம்.

நன்றியுடன்,
தோப்பைச் சுற்றி வசிப்போர்