தென்னையின் தலையைப் பார்த்திருக்கிறாயா?

வடசேரி,
நாகர்கோவில்.

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. மூத்தவளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது என்று படித்ததும் அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். அவளுக்கு அத்தனை சந்தோஷம். உன் முட்டுவலி இன்னும் விடாமல் இருப்பதுதான் கவலையாக இருக்கிறது. எண்ணெய் தடவிக்கொண்டு நாளைக் கடத்தாமல் நல்ல டாக்டரைப் பார். இங்கே எல்லாரும் சுகம். ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. குளங்கள் நிறைந்து கிடக்கின்றன. கும்பப்பூ நெல் நடவு முடிந்து வயல்கள் பச்சை பிடித்துவிட்டன.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வருவதாக எழுதியிருக்கிறாய். அதற்கு அடுத்த வரியிலேயே, ‘ஊரில் புதிதாகப் பார்க்க என்ன இருக்கு, எல்லாம் பார்த்ததுதானே, வீட்டிலேயே இருந்து பேசிக்கொண்டிருப்போம்’ என்கிறாய். பேசுவோம், அதற்குக் குறைவில்லை. ஆனால் எல்லாம் பார்த்தாயிற்று என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பள்ளிக்கூடத்தில் கூட்டிக்கொண்டு போனபோது சார் நிறுத்திய இடத்தில் நின்று, சார் கை காட்டிய பக்கம் பார்த்தோம். அப்புறம் விருந்தாளிகளை அழைத்துப் போனபோதும் அதே இடம்தான், அதே பக்கம்தான். இன்றைக்கும் ஜனங்கள் அங்கேயேதான் நின்று படம் எடுக்கிறார்கள். ஓரிடத்தில் ‘வியூ பாயிண்ட்’ என்று போர்டு வைத்துவிட்டால் அதற்கு நாலடி தள்ளி நின்று பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கு அது பெரிய இழப்பாகப் படுகிறது.

மாத்தூர் தொட்டிப்பாலத்தையே எடுத்துக்கொள். 1966-இல் கட்டியது. பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், 28 தூண்கள் தாங்க, விளவங்கோடு, கல்குளம் பக்கத்து நிலங்களுக்கு வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுபோகிறது. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். போகிறவர்கள் பாலத்தின் மேல் நடப்பார்கள், தூரத்து மலையைப் பார்ப்பார்கள், படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நீ இந்தத் தடவை மலையை விட்டுவிட்டு நேர் கீழே பார். அங்கே தெரிவது தென்னையின் தலை.

தென்னைக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் நாம். ஆனாலும் அதை அடியிலிருந்து அண்ணாந்துதான் பார்த்திருக்கிறோம். கீழே நின்றால் தடி தெரியும், காய்க்குலை தெரியும், பழுத்துத் தொங்கும் ஓலை தெரியும். மேலே நின்றால் மரமே வேறு. நட்டநடுவில் குருத்து, வெளிர்மஞ்சளாக, விரியாமல், நேரே வானத்தைப் பார்த்து நிற்கிறது. அதற்கு மூத்த ஓலை அதை ஒட்டி இருக்காது, மறுபக்கம் தள்ளி இருக்கும். அதற்கும் மூத்தது இன்னொரு பக்கம். ஒவ்வொரு ஓலையும் முந்தியதிலிருந்து ஏறக்குறைய 140 பாகை விலகி முளைக்கிறது. அதனால் ஓலைகள் சுழன்று சுழன்று இறங்குகின்றன, எதுவும் இன்னொன்றுக்கு நேர் மேலே உட்கார்ந்து வெயிலை மறைப்பதில்லை. சில மரங்களில் அந்தச் சுழற்சி வலப்பக்கம், சிலவற்றில் இடப்பக்கம். அடுத்தடுத்து நிற்கிற இரண்டு மரங்கள்கூட எதிரெதிராகச் சுற்றியிருக்கும். பிள்ளைகளிடம் சொல்லி எது எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கச் சொல். பாலத்தை விட்டு வரமாட்டார்கள்.

எங்கள் வீட்டுக்குத் தேங்காய் வெட்ட வருகிற அண்ணன் ‘ஓலைக்கு ஒரு பாளை’ என்பார். நன்றாக வளர்ந்த மரம் ஏறத்தாழ மாதம் ஒரு ஓலை விடும், ஒவ்வொரு ஓலையின் கக்கத்திலும் ஒரு பாளை வரும். குருத்திலிருந்து கண்ணை மெதுவாகச் சுற்றி இறக்கிக்கொண்டு வா. முதலில் மூடிய பாளை. அடுத்து வெடித்துப் பூச் சிந்துகிற பாளை, அதில் தேனீ. பிறகு குரும்பை, பிறகு இளநீர், கடைசியில் நெற்று. பூ நெற்றாவதற்கு ஒரு வருஷம் ஆகும். அந்த ஒரு வருஷமும் ஒரே மரத்தில், வரிசை தவறாமல், கண்ணுக்கு எதிரே இருக்கிறது. மரமேறுகிறவர்கள் அன்றாடம் பார்க்கிற காட்சி இது. மற்றவர்களுக்கு அதைக் காட்டுவதற்கு இந்த மாவட்டத்தில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

அப்புறம் படிக்கட்டில் இறங்கி ஆற்றுக்குப் போ. படி நிறைய, உன் முட்டுக்கு மெதுவாகத்தான் இறங்க வேண்டும். அவசரம் ஒன்றுமில்லை, நான் கூட வருகிறேன். கீழே ஒரு தூணில் முதுகைச் சாய்த்து நிமிர்ந்து பார்த்தால், சற்று முன்னால் நடந்து வந்த அகலமான பாலம் வானத்தில் ஒரு மெல்லிய கோடாகத் தெரியும். தலைக்கு மேலே ஒரு வாய்க்காலே போகிறது என்பது அங்கே நின்றால்தான் உடம்புக்கு உறைக்கும்.

கன்னியாகுமரிக்கும் போகத்தான் வேண்டும். விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைத்துக் கண்ணாடிப் பாலம் போட்டிருக்கிறார்கள், 2024 டிசம்பர் 30-இல் திறந்தது, 77 மீட்டர் நீளம். நீ இன்னும் பார்க்கவில்லை. கரையில் நின்றால் அலை நம்மை நோக்கி வருகிற ஒரு சுவர். அங்கே காலுக்கு நேர் கீழே அது பாறையில் மோதி, நுரை எல்லாப் பக்கமும் விரிந்து, மறுபடி உள்ளே இழுபடுவது முழுசாகத் தெரிகிறது. கூட்டம் நிறைய இருக்கும். அதனால் அதை முதலில் முடித்துவிடுவோம்.

நான் உன்னை அங்கே அழைத்துப் போக நினைப்பது வேறொன்றுக்காக. சாயங்காலம் எல்லாரும் மேற்கே பார்த்து நிற்பார்கள். சூரியன் முங்கியதும் கடலை வாங்கப் போய்விடுவார்கள். நீ அந்த நேரத்தில் கிழக்கே திரும்பி நில். சில நிமிஷங்களில் தொடுவானத்தை ஒட்டி ஒரு சாம்பல் கலந்த நீலப் பட்டை எழும். அதற்கு மேலே இளஞ்சிவப்பாக இன்னொரு பட்டை. அந்த நீலம் மேகம் இல்லை, மக்கா. நாம் நிற்கிற இந்தப் பூமியின் நிழல், காற்றின் மேல் விழுகிறது. மேற்கே சூரியன் இறங்க இறங்கக் கிழக்கே நிழல் ஏறும், கால்மணி நேரத்துக்குள் இருட்டோடு கலந்துவிடும். இதற்குத் தொடுவானம் மறைக்காமல் கிடைக்க வேண்டும், மேகமும் இருக்கக் கூடாது. இரண்டு பக்கமும் கடல் இருக்கிற நம் முனைக்கு அது வாய்த்திருக்கிறது. சித்ரா பௌர்ணமிக்குச் சூரியன் மறைவதையும் நிலா எழுவதையும் சேர்த்துப் பார்க்க ஊரே கூடுகிறது. முழுநிலா எப்போதும் சூரியனுக்கு எதிரில்தான் வரும் என்பதால் மற்றப் பௌர்ணமிகளிலும் அந்த நேரத்தில் கிழக்கே பார்த்து நின்றால் போதும், அந்த இளஞ்சிவப்புக்குள்ளேயே நிலா ஏறி வருவதைக்கூடப் பார்க்கலாம். இப்படி ஒரு காட்சி, இங்கே முதுகுக்குப் பின்னால் நடக்கிறது.

மணலையும் விடாதே. அம்மனின் கல்யாணம் நின்றுபோய், சமைக்க வைத்திருந்த அரிசியும் தானியமும் மணலாகிவிட்டன என்ற கதையைப் பிள்ளைகளுக்குச் சொல். சொல்லிவிட்டுக் குனிந்து ஒரு பிடி அள்ளி லென்ஸில் காட்டு. நின்று பார்த்தால் வெறும் செம்மண் நிறம். லென்ஸில் சிவப்பு மணிகள் ஒவ்வொன்றும் ஒளி ஊடுருவி மாதுளை முத்துகள் மாதிரி இருக்கும், அவைதான் கார்னட். கறுப்பாக இருப்பவை இல்மனைட் என்கிற தாது. நிறமற்றவை பெரும்பாலும் குவார்ட்ஸ். எல்லாம் நம் மலைப்பாறைகள் உதிர்ந்து ஆறு வழியாகக் கடலுக்குப் போனவை. கனமானதைத் தங்கவிட்டு இலேசானதை அலை அரித்துக்கொண்டு போவதால்தான் கரையில் அந்தக் கறுப்பு, சிவப்பு வரிகள். மணவாளக்குறிச்சியில் இதையே தோண்டிப் பிரிக்கிறார்கள். அதைப் பற்றிய சண்டையும் கவலையும் கடற்கரை ஊர்களில் ஓயவில்லை. நேரில் வா, விரிவாகச் சொல்கிறேன்.

இன்னொன்று. எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்காவின் தம்பி குளச்சலில் வள்ளம் வைத்திருக்கிறார். கடல் அமைதியாக இருந்த ஒருநாள் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே போகப் போக முதலில் கரையோர வீடுகள் முங்கின, பிறகு தென்னைகள், கடைசியில் மாதா கோயில் கோபுரமும் மலைகளும் மட்டும் மிஞ்சின. பஸ்ஸில் போகும்போது துண்டு துண்டாகத் தெரிகிற மலைகள் அங்கிருந்து ஒரே தொடராக, தென்கோடியில் தேய்ந்து முடிவதுவரை தெரிகின்றன. கடலுக்கு அடியில் மீன் கிடைக்கிற பாறைத்திட்டைப் ‘பார்’ என்பார்கள். ஜிபிஎஸ் வருவதற்கு முன்னால் அதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்றும் காட்டினார். ஒரு மலைமுகடும் ஒரு கோபுரமும் நேர்கோட்டில் வரவேண்டும். இன்னொரு பக்கம் வேறு இரண்டு அடையாளங்கள் நேர்கோட்டில் வரவேண்டும். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்துக்கு அடியில்தான் அந்தப் பார் இருக்கும். கரையில் இருக்கிற நமக்கு அந்த மலை வெறும் மலை, அவருக்குக் கடலின் அடியைக் காட்டுகிற குறி. அவருடைய அப்பாவுக்கு இப்படி ஏராளமான பார்கள் மனப்பாடமாம். இளைய பிள்ளைகள் இப்போது கருவியைத்தான் பார்க்கிறார்கள். இந்த அறிவைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. உன் இளையவளுக்கு அதில் ஆர்வம் இருக்குமா? கேட்டுச் சொல்.

சரி, இனி காரியம். காலண்டரில் பௌர்ணமி என்றைக்கு என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடு. விடுமுறையோடு ஒத்துவராவிட்டாலும் பரவாயில்லை, மேகமில்லாத சாயங்காலம் ஒன்று கிடைத்தால் போதும். மாத்தூருக்குக் காலையிலேயே கிளம்பிவிட வேண்டும், வெயில் ஏறினால் பாலத்தின் மேல் நிற்க முடியாது. லென்ஸ் என்னிடம் இருக்கிறது. அம்மா உனக்காக மட்டி வாழைக்குலை ஒன்று சொல்லிவைத்திருக்கிறாள். முட்டுக்கு டாக்டர் என்ன சொன்னார் என்பதையும், எந்த ரயில், என்று திரும்புகிறீர்கள் என்பதையும் உடனே எழுது.

அன்புடன்,
உன் வடசேரி மக்கா