நேரத்துக்கு முன்பே போய்விடும் இரவுப் பேருந்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரவுநேரப் பேருந்துகளின் தாமதத்தைப் பற்றிப் பலரும் எழுதுகிறார்கள். அதைவிடக் கடுமையான குறை, அட்டவணையில் குறித்த நேரத்துக்கு முன்பாகவே பேருந்து நிறுத்தத்தைக் கடந்துவிடுவது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து ஓடும் பகல்வேளையில் இது யாரையும் பாதிப்பதில்லை. ஆனால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேருந்து மட்டுமே ஓடும் பின்னிரவில், பயணி அட்டவணையை நம்பித்தான் நிறுத்தத்துக்கு வருகிறார். பேருந்து மூன்று நிமிடம் தாமதித்தால் அவர் இழப்பது அந்த மூன்று நிமிடம்தான். மூன்று நிமிடம் முந்திச் சென்றுவிட்டாலோ ஏறத்தாழ ஒரு மணி நேரம் இருட்டில் நிற்க வேண்டும். அது கடைசி நடையாக இருந்துவிட்டால், காத்திருப்பதற்கும் எதுவும் இல்லை. மருத்துவமனையில் மாலைப் பணி முடித்துத் திரும்பும் செவிலியருக்கும் காவலாளிக்கும் அந்த ஒரு பேருந்துதான் வீட்டுக்கு வழி.

இதற்கு ஓட்டுநரின் அவசரமே காரணம் என்று சொல்லிவிடுவது நியாயமாகாது. பகல் நெரிசலைக் கணக்கிட்டு வகுத்த ஓட்ட நேரத்தையே இரவுக்கும் வைத்தால், வெறிச்சோடிய சாலையில் எந்த ஓட்டுநரும் இயல்பாகவே முந்திவிடுவார். மாறாக, நேரத்தை அளவுக்கு மீறிக் குறைத்து, முனையத்தில் அவருக்குக் கிடைக்க வேண்டிய சிறு ஓய்வையும் வெட்டிவிட்டால், ஒரு நடையில் ஏற்பட்ட தாமதம் அடுத்தடுத்த நடைகளுக்கும் பரவிக்கொண்டே போகும். ஆகவே இரவுக்கெனத் தனி ஓட்ட நேரம் வகுக்கப்பட வேண்டும். ஜிபிஎஸ் கருவி பொருத்திய பேருந்துகளின் பதிவுகளை மணிவாரியாகப் பிரித்துப் பார்த்தால் அதற்கான கணக்கு கிடைத்துவிடும். தாமதத்தை ஈடுகட்டும் உபரி நிமிடங்களை வழியெங்கும் தூவாமல் முனையத்தில் வைப்பதும், தடத்தின் முக்கிய நிறுத்தங்களில் குறித்த நேரம் வரும்வரை பேருந்து நின்றே புறப்பட வேண்டும் என விதிப்பதும் இதோடு சேர்ந்தவை.

நேரந்தவறாமையை அளக்கும் முறையும் மாற வேண்டும். பகல், இரவு நடைகளை ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுத்தால், எண்ணிக்கையில் குறைவான இரவு நடைகளின் தவறுகள் அதில் மறைந்துபோகும். லண்டனில், அடிக்கடி ஓடும் தடங்களைப் பயணி கூடுதலாகக் காத்திருந்த நேரத்தைக் கொண்டும், அரிதாக ஓடும் தடங்களை அட்டவணைப்படி புறப்பட்டதைக் கொண்டும் தனித்தனியாக மதிப்பிடுகிறார்கள். இணைப்புகளிலும் இதே கவனம் தேவை. கடைசி ரயில் வந்து சேர்வதற்குச் சற்று முன்னதாகக் கடைசிப் பேருந்து கிளம்பிவிடுமானால், இரண்டும் நேரந்தவறாமல் ஓடியும் பயணிக்குப் பயனில்லை. ரயிலும் பேருந்தும் ஒன்றுக்கொன்று பொருந்தி வருமாறு 1982-இல் நாடு முழுவதற்குமான சீரான அட்டவணையை சுவிட்சர்லாந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அத்தனை விரிவாக இல்லாவிட்டாலும், இரவின் இறுதி இணைப்புகளையாவது எல்லா நிர்வாகங்களும் அப்படித் திட்டமிடலாம்.

புதிய பேருந்துகள் வாங்கவும் ஆட்களைச் சேர்க்கவும் நிதியும் காலமும் தேவைப்படும் என்பதை அறிவேன். குறித்த நேரத்துக்கு முன்பாக எந்தப் பேருந்தும் புறப்படக் கூடாது என்ற விதிக்கு அவை எதுவும் தேவையில்லை. கடைசி நடைகளிலாவது அதை உடனே நடைமுறைப்படுத்தி, அந்த நேரங்களை ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுதி வைக்குமாறு போக்குவரத்து நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இரவுப் பேருந்துப் பயணி ஒருவர்