கௌபாய் கதை வெளியிடும் தமிழ் காமிக்ஸ் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். பள்ளிக்கூட நாள்களிலிருந்தே உங்கள் கௌபாய் கதைகளை விடாமல் வாசிக்கிறேன். குதிரை, சலூன், துப்பாக்கிச் சண்டை எல்லாம் எனக்கும் உயிர்தான். ஆனால் அந்தச் சீமையில் ஆட்கள் எதை விற்றுப் பிழைத்தார்கள் என்பது பெரும்பாலான கதைகளில் தெரிவதே இல்லை.

ஒரே ஒரு இடத்தைச் சொல்கிறேன். இன்றைய அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஆர்கன்சா ஆற்றங்கரையில், 1833 வாக்கில் பென்ட் சகோதரர்களும் செரான் செயின்ட் வ்ரேனும் சுடாத மண்கல்லால் ஒரு கோட்டை கட்டினார்கள். பெயர்தான் கோட்டை, நடந்தது வியாபாரம். அந்தப் பக்கத்துப் பழங்குடிகளான ஷெயேன், அராபஹோ மக்கள் காட்டெருமைத் தோலைக் கொடுத்துவிட்டு பாத்திரம், கத்தி, துணி, பாசிமணி, காப்பி, சர்க்கரை வாங்கிப் போவார்கள். தோல்கள் வண்டியேறி சான்டா ஃபே பாதையில் மிசூரிக்குப் போகும்.

அந்தத் தோலைப் பதப்படுத்தியது அந்தப் பழங்குடிப் பெண்கள். தரையில் முளையடித்து விரித்து, ஒட்டியிருக்கும் சதையையும் கொழுப்பையும் சுரண்டி, மிருகத்தின் மூளையையே பூசித் தேய்த்து, மெத்தென்று ஆகும்வரை இழுத்து இழுத்துப் பிசைய வேண்டும். ஒரு தோலுக்கே பல நாள் பிடிக்கும். கோட்டையின் மொத்த வியாபாரமும் அந்தக் கைகளை நம்பித்தான் ஓடியது. நம் கதைகளில் அவர்களுக்கு ஒரு கட்டம்கூடக் கிடைப்பது அபூர்வம்.

பென்ட் சகோதரர்களில் ஒருவரான வில்லியம் பென்ட் கட்டிக்கொண்டதும் ஒரு ஷெயேன் பெண்ணைத்தான். 1864 நவம்பரில், சமாதானத்தை நம்பி கொலராடோவின் சான்ட் க்ரீக்கில் தங்கியிருந்த ஷெயேன், அராபஹோ மக்களை கர்னல் சிவிங்டனின் அமெரிக்கப் படை சுட்டுத் தள்ளியது. செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். வில்லியம் பென்ட்டின் மகன் ஜார்ஜ் அந்த முகாமில் இருந்தார். இன்னொரு மகன் ராபர்ட்டைப் படைக்கு வழிகாட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்தியிருந்தார்கள். இதைப் படித்த அன்று எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

அப்புறம் 1870களில், ஆலை இயந்திரங்களின் பெல்ட்டுக்குத் தோல் வேண்டும் என்று வேட்டைக்காரர்கள் இறங்கினார்கள். தோலை மட்டும் உரித்துக்கொண்டு, உடலை வெட்டவெளியில் அழுகவிட்டுப் போனார்கள். கோடிக்கணக்கில் இருந்த காட்டெருமை 1889இல் ஏறக்குறைய ஆயிரமாகிவிட்டது.

நான் கேட்பது இரண்டே விஷயம். எல்லாரையும் ‘செவ்விந்தியர்’ என்று ஒரே மூட்டையில் கட்டாமல் ஷெயேன், அராபஹோ, கொமான்சி என்று அவரவர் பெயரால் எழுதுங்கள். கௌபாய் கதை வரும் இதழில் அந்தக் காலத்துப் பிழைப்பைப் பற்றி ஒரு பக்கம் ஒதுக்குங்கள். முதல் பக்கத்தில் தோல் சுரண்டும் அந்த ஷெயேன் பெண்ணை வரையச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்