'லேடி இன் சாட்டின்' வாங்குமுன்

மாப்ளே,

இங்கே எல்லாரும் சுகம். அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நீ அமெரிக்க ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் 'லேடி இன் சாட்டின்' ஆல்பத்தை வாங்கப்போவதாகவும், "அதில் குரலே இல்லையேடா" என்று தான் தடுத்ததாகவும் நம்ம பாகவதர் சொன்னான். அவன் பேச்சைக் கேட்டுப் பின்வாங்கிவிடாதே.

பழைய இசைத்தட்டு கிடைத்தால் எண்ணைப் பார். சிஎல் 1157 என்றால் மோனோ, 12 பாட்டு. சிஎஸ் 8048 என்றால் ஸ்டீரியோ, 11 பாட்டுதான். விடுபட்டது 'தி எண்ட் ஆஃப் எ லவ் அஃபேர்'. அந்தப் பாட்டு பில்லிக்குப் பழக்கமில்லை. அதனால் ஆர்கெஸ்ட்ராவை முதலில் பதிந்து, பிறகு குரலை மோனோ டேப்பில் சேர்த்தார்கள். முழுசாக வேண்டுமென்றால் மோனோவையே வாங்கு.

குரல் தேய்ந்தது உண்மை. 1935-ல் பியானோக் கலைஞர் டெடி வில்சனோடு பாடியதைக் கேட்டுவிட்டு உடனே இதைப் போட்டால் திக்கென்றிருக்கும். 1958 பிப்ரவரியில், நியூயார்க்கில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தின் 30-வது தெரு ஸ்டுடியோவில் இதைப் பாடியபோது வயது 42தான். குடியும் ஹெராயினும் அப்படி அரித்துவிட்டன. ஆனால் காலப்பிரமாணம் அசையவில்லை, மாப்ளே! முதல் பாட்டு 'ஐ ஆம் எ ஃபூல் டு வாண்ட் யூ'வைக் கவனி. வயலின்கள் நேராகப் போகும். அவர் வரியைத் தாமதமாக எடுத்து, நடுவில் சொற்களை நெருக்கி, முடிவில் வந்து சேர்ந்துகொள்வார். நீட்டி நிற்க மூச்சில்லாத இடத்தில் கடைசிச் சொல்லைக் கீழே சரியவிட்டு நிறுத்திவிடுவார். அந்தச் சரிவில்தான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

வயலின் கூட்டம் அதிகம் என்றும் பாகவதர் குறைப்படுகிறான். கேட்டு வாங்கியதே பில்லிதான்! வாத்திய இசையை அமைத்த ரே எல்லிஸின் 'எல்லிஸ் இன் வொண்டர்லாண்ட்' ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, அவரே வேண்டும் என்றார். அந்த எல்லிஸுக்கும் பதிவு முடிந்த கையோடு பில்லி பாடியது பிடிக்கவில்லை. சில வாரம் கழித்து இறுதிக் கலவையைக் கேட்டபோதுதான் அதன் அருமை புரிந்தது. பாகவதருக்கும் கொஞ்சம் அவகாசம் கொடுப்போம்.

வயலின் கூசுகிறதென்று ட்ரெபிளை, அதாவது கீச்சு ஒலியின் அளவை, குறைக்காதே. குரலின் சொரசொரப்பும் மூச்சும் அதோடு போய்விடும், மிச்சம் வெறும் களைப்பாகத்தான் கேட்கும். எல்லாமே மெதுவான பாட்டு என்பதால் ஒரு நாளுக்கு ஒரு பக்கம் போதும். பாகவதர் வந்தால் இரண்டாம் பக்கத்தைப் போடு, 'யூ ஹாவ் சேஞ்ச்ட்'டில் தொடங்கும்.

1959 மார்ச்சில் பில்லி எல்லிஸோடு இன்னொரு ஆல்பம் பதிந்தார். ஜூலையில் இறந்துபோன பிறகுதான் அது வெளிவந்தது. அதை நீ வாங்காதே, நான் அனுப்புகிறேன்.