முழங்கால் வலியும் பிலாட்டிஸ் பயிற்சியும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

கபடிப் போட்டிக்குப் பயிற்சி எடுத்துவரும் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், மாடியிலிருந்து கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் படியிறங்குவதைச் சென்ற மாதம் பார்த்தேன். கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றான். கால்சட்டையை உயர்த்திக் காட்டச் சொன்னபோது, முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்திருந்தது. விரல் பட்டதும் காலை இழுத்துக்கொண்டான். மூன்று மாதமாக வலி இருந்தும், தெரிந்தால் அணியிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்ற பயத்தில் அவன் வீட்டிலும் சொல்லவில்லை, எங்களிடமும் சொல்லவில்லை. அதன்பின் விசாரித்தபோது, அப்படி மறைப்பவன் அவன் ஒருவன் மட்டுமல்ல என்று தெரிந்தது. முன்பெல்லாம் வலி என்று வந்த பிள்ளைகளைச் சாக்குச் சொல்வதாக நானே கடிந்துகொண்டதுண்டு, அதற்காக வருந்துகிறேன்.

அவனை மருத்துவரிடம் அனுப்பினோம். இது ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்னும் முழங்கால் கோளாறு என்று தெரியவந்தது. 1903-ஆம் ஆண்டில் ராபர்ட் ஆஸ்குட், கார்ல் ஷ்லாட்டர் என்ற இரு மருத்துவர்கள் தனித்தனியே விவரித்ததால் இதற்கு அந்தப் பெயர். பிள்ளைகள் வேகமாக உயரும் வயதில், எலும்பு நீளும் வேகத்துக்குத் தொடையின் முன்தசை ஈடுகொடுக்காமல் இறுகிவிடுகிறது. ஓடும்போதும் குதிக்கும்போதும் அந்தத் தசையின் நாண், கணுக்கால் பக்கம் செல்லும் பெரிய எலும்பின் மேல்முனையில் இன்னும் முற்றாத வளர்ச்சிப் பகுதியைத் திரும்பத் திரும்ப இழுப்பதால் அங்கே புண்பட்டு வீங்குகிறது. இன்னொரு வகை வலி சில்லைச் சுற்றி வருவது. படியேறும்போதும், சம்மணமிட்டு நெடுநேரம் உட்கார்ந்து எழும்போதும் கூடும். மாணவிகளிடம் இதை அதிகம் காண்கிறோம். இடுப்பின் பக்கவாட்டுத் தசைகள் வலுவற்றிருந்தால், குதித்துத் தரையிறங்கும்போது முழங்கால் உட்பக்கமாகச் சாய்வதும் இதற்கு ஒரு காரணம். ஆகவே வலிப்பது முழங்காலானாலும், வலுப்படுத்த வேண்டியது பெரும்பாலும் இடுப்பும் தொடையும் வயிற்றுப் பகுதியும்தான்.

இதற்காகத்தான் பிலாட்டிஸ் பயிற்சியைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். 1883-இல் ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பிலாட்டிஸ், சிறு வயதில் ஆஸ்துமாவாலும், எலும்பு மென்மையாகி வளையும் ரிக்கெட்ஸ் நோயாலும் அவதிப்பட்டுத் தம் உடலைத் தாமே தேற்றிக்கொள்ள உருவாக்கிய முறை இது. குதிப்பும் பளுவும் இல்லை. ஒரு ஜமக்காளம் போதும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதங்களைத் தரையில் ஊன்றி, மூச்சை வெளிவிட்டபடி இடுப்பை மெல்ல உயர்த்தி இறக்குவது ஒன்று. ஒருக்களித்துப் படுத்து, குதிகால்கள் ஒட்டியிருக்க மேல் முழங்காலை மட்டும் திறந்து மூடுவது மற்றொன்று. இதில் பிள்ளைகள் இடுப்பையும் சேர்த்துப் பின்னால் சாய்த்துவிடுவார்கள் என்பதால், எங்கள் உடற்கல்வி ஆசிரியர் இடுப்பின் மேல் ஒரு டஸ்டரை வைத்து, அது விழாமல் பத்து முறை செய்யச் சொல்கிறார். எளிதாகத் தோன்றும், ஆறாவது முறையிலேயே தொடை நடுங்குவதை நானே செய்து பார்த்து உணர்ந்தேன்.

இயன்முறை மருத்துவர் ஒருவரின் வழிகாட்டுதலில், வாரம் 3 நாள், வகுப்பு முடிந்தபின் 30 நிமிடம் இப்பயிற்சி நடைபெறும். பலன் ஓரிரு நாளில் தெரியாது. தசை வலுப்பெற 6 முதல் 12 வாரங்களாவது ஆகும். புடைப்பு சிலருக்கு நிலைத்துவிடலாம், ஆனால் வளர்ச்சி நின்றபின் வலி பெரும்பாலும் தணிந்துவிடும். விளையாட்டை அறவே நிறுத்தச் சொல்லவில்லை. ஓட்டத்தையும் குதிப்பையும் வலி பொறுக்கும் அளவுக்குக் குறைத்துக்கொள்கிறோம்.

வீட்டில் தாங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, காய்ச்சல், மூட்டு முழுவதும் வீக்கம், மூட்டு பூட்டிக்கொள்வது, நொண்டி நடப்பது ஆகியவற்றில் எது இருந்தாலும் பயிற்சிக்கு அனுப்பாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். இடுப்பு மூட்டின் கோளாறுகூடச் சில பிள்ளைகளுக்கு முழங்கால் வலியாகவே தெரியும். மருந்துக் கடையில் தாமாக வலி மாத்திரை வாங்கிக் கொடுப்பதையும், புடைத்த இடத்தை எண்ணெய் விட்டு அழுத்தி உருவுவதையும் அருள்கூர்ந்து தவிருங்கள்.

இத்துடன் உள்ள ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்டு, மருத்துவர் பார்த்த சீட்டின் நகலுடன் வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். படிவத்தை நிரப்புமுன், வலி இருக்கிறதா என்று பிள்ளையிடம் ஒருமுறை அருகில் உட்கார்ந்து கேளுங்கள். சொன்னால் அணியிலிருந்து யாரையும் நீக்க மாட்டோம் என்று நான் உறுதி கூறியதாக அவர்களிடம் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்