அப்பாவிடம் நீயே பேசு

சோமனூர்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு நாங்கள் நலம். நீயும் மருமகளும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

உன் அப்பாவைக் கோவைக்கு அழைத்துச் சென்று காதுப் பரிசோதனை செய்தோம். அதைப் போனில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. கேட்கும் திறனைக் கோடாக வரைந்து காட்டும் ஆடியோகிராமில் தாழ்ந்த சுருதி ஒலிகள் ஓரளவு தேறுகின்றன. உயர்ந்த சுருதியான 4000 ஹெர்ட்ஸ் பக்கம் வரும்போது கோடு சரிந்து விழுகிறது. இரைச்சலில் உழைத்தவர்களுக்குப் பெரும்பாலும் அங்கேதான் முதலில் பழுதாகும் என்றும், உட்காதின் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மறுபடி வளராது என்றும் மருத்துவர் விளக்கினார். வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கத் தக்கது 80 டெசிபல் வரைதான். 90 டெசிபல் என்றால் வாரத்திற்கு 4 மணி நேரத்திற்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தறிச் சத்தம் 90-ஐத் தாண்டும். அதற்குள் இரவும் பகலும் நின்றுதான் அவர் உன்னைப் படிக்க வைத்தார்.

அவருக்குச் சத்தம் கேட்கிறது, சொல்தான் பிடிபடுவதில்லை. பேத்தியின் மெல்லிய குரல் இன்னும் கடினம். நீ அழைக்கும்போது ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நாம் பேசுகிறோம் அல்லவா? அப்போது அவர் போனைப் பார்ப்பதில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். நான் சிரித்த பிறகே சிரிப்பார். கூலி உயர்வுப் பேச்சு என்றால் விசைத்தறியாளர் சங்கக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து வாதாடியவர், இப்போது அந்தப் பக்கமே போவதில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, பெருமை வந்துவிட்டது என்று ஊரில் பேசுகிறார்கள். வங்கியில் அவர் கணக்கைப் பற்றி அவரை விட்டுவிட்டு என்னிடம் கேட்கிறார்கள். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. செவி மங்கிய மனிதரை அறிவு மங்கியவராக நடத்துவது எந்த வகையில் நியாயம்?

மறதிநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுபவை, ஆனால் மாற்றக்கூடியவை என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் சொன்ன 14 காரணிகளில் காது கேளாமையும் உண்டு. அதனால் அவருக்கு அந்த நோய் வந்தே தீரும் என்று பொருளல்ல. ஆனாலும் வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடக் கூடாது.

இரண்டு காதுக்கும் மெஷின் வாங்கியாகிவிட்டது. முதல் சில நாட்கள் மின்விசிறியின் ஓசையும் தொட்டியில் பாத்திரம் விழும் சத்தமும் தலையில் இடிப்பதாகச் சொல்லிக் கழற்றிவிட்டார். நிறுத்திவிட வேண்டாம், அமைதியான இடத்தில் சிறிது நேரம் போட்டு நாளுக்கு நாள் கூட்டுங்கள், கேட்டறிய மூளை மறுபடி பழக வேண்டும் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். ஆகையால் மெஷின் போட்டுமா கேட்கவில்லை என்று நீ ஒருநாளும் கேட்டுவிடாதே. அது ஒலியைக் கூட்டித் தரும், பழைய காதைத் திருப்பித் தராது.

இனி வீடியோவில் அழை. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காராமல், உன் முகத்தில் வெளிச்சம் விழும்படி இரு. முதலில் அப்பா என்று கூப்பிட்டு, அவர் உன்னைப் பார்த்த பிறகு விஷயத்தைத் தொடங்கு. கத்தாதே, கத்தினால் சொல் சிதைவதோடு நீ கோபப்படுகிறாய் என்றும் நினைப்பார். ஒரு வாக்கியம் புரியவில்லை என்றால் வேறு வார்த்தைகளில் சொல். ஒன்றுமில்லை, விடுங்கள் என்று மட்டும் சொல்லாதே. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் அவர் கேள்வி கேட்பதையே குறைத்துக்கொண்டார். அப்பாவிடம் சொல்லிவிடு அம்மா என்று என்னிடம் செய்தி கொடுக்கும் வழக்கமும் வேண்டாம். வீட்டுக் கடனைப் பற்றி அவரிடமே யோசனை கேள்.

நம் தறியில் நிற்கும் பையன்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறார்கள், அது போதாது. காதை முழுக்க மூடும் நல்ல கவசங்களை நீ வரும்போது வாங்கி வா. அவற்றைப் போடாமல் யாரையும் உள்ளே விடப் போவதில்லை என்று அப்பா சொல்லிவிட்டார்.

தை மாதம் உன் சித்தப்பா மகள் கல்யாணத்திற்கு வர அவர் தயங்குகிறார். மேளத்திற்கும் ஒலிபெருக்கிக்கும் தள்ளி, சுவரோரமாக நாற்காலி போட்டுத் தரும்படி சித்தப்பாவிடம் நீயே பேசிவிடு. பந்தியில் நீ அவருக்கு எதிரில் உட்கார்.

அன்புடன்,
அம்மா