பெட்டியைப் பார்க்கும் முன் பாட்டிலுக்குள் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஜப்பானிய விஸ்கி பற்றிய செய்தி என்றாலே ஏலத்தொகைதான் தலைப்பாகிறது. ‘லிமிடெட் எடிஷன்’ என்று வரும் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் விளக்குவதில்லை. புதிதாகச் சேகரிக்க வருபவர்கள் பணத்தைக் கோட்டைவிடுவது அங்கேதான்.

இந்த வெளியீடுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் கலவையே மாறும். மற்றதில் கண்ணாடியும் அட்டையும் மட்டும் மாறும். ஜப்பானின் சன்டோரி நிறுவனம் விஸ்கி தயாரிப்பில் நூற்றாண்டைக் கொண்டாடிய 2023-இல் இரண்டுமே வந்தன. ஹிபிகி அந்த நிறுவனத்தின் கலவை விஸ்கி. அதன் ‘ஹிபிகி ஜப்பானீஸ் ஹார்மனி’ நூற்றாண்டுப் பதிப்பில் பாட்டிலின் வடிவமைப்புதான் புதிது. அதே ஆண்டு வந்த ‘ஹிபிகி 21 மிசுனாரா’ தனிக் கலவை. மிசுனாரா என்பது ஜப்பானிய ஓக் மரம். மெதுவாக வளரும், கணுவும் முறுக்குமாக இருப்பதால் பலகை அறுப்பதில் நிறைய வீணாகும், நுண்துளைகள் சரியாக அடைபடாததால் பீப்பாய் கசியும். நீண்ட காலம் ஊறினால்தான் அதன் சந்தன, அகில் வாசம் விஸ்கியில் ஏறும். இப்படிப்பட்ட சரக்கு குறைவாகத்தான் கிடைக்கும். அதற்குக் கூடுதல் விலை கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. புது அட்டைக்கு இரண்டு மடங்கு கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பிளெண்டட் (பல விஸ்கிகளின் கலவை) என்றால் சிங்கிள் மால்ட்டுக்கு (ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியில் மட்டும் செய்தது) ஒரு படி கீழே என்ற எண்ணமும் மாற வேண்டும். ஸ்காட்லாந்தில் வடிசாலைகள் தங்களுக்குள் சரக்கைப் பரிமாறிக்கொள்ளும். ஜப்பானிய நிறுவனங்களிடையே அந்த வழக்கம் வளரவில்லை. அதனால் வேண்டிய எல்லா வகைகளையும் ஒரே நிறுவனம் தானே தயாரித்தாக வேண்டும். ஹிபிகிக்கு மால்ட் விஸ்கி சன்டோரியின் யமசாகி, ஹகுஷு வடிசாலைகளிலிருந்து வருகிறது. சோளம் போன்ற தானியங்களில் செய்யும் கிரெய்ன் விஸ்கி சிட்டா வடிசாலையிலிருந்து. லேபிளில் 21 என்று இருந்தால், கலவையில் உள்ள மிக இளைய விஸ்கியின் வயது 21. ஜப்பானில் விஸ்கி நுகர்வு 1983-இல் உச்சம் தொட்டு, அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் சரிந்தது, உற்பத்தியையும் குறைத்தார்கள். பிறகு சோடா கலந்த ஹைபால் பிரபலமாகித் தேவை திரும்பியபோது பழைய பீப்பாய்கள் போதவில்லை. 2018-இல் ஹிபிகி 17 நிறுத்தப்பட்டது அதனால்தான். 2024 ஏப்ரலில் ஹிபிகி 30-இன் பரிந்துரை விலை 1,60,000 யென்னிலிருந்து 3,60,000 யென்னாக உயர்ந்தது.

அடுத்தது லேபிள். ஜப்பானிய மதுபான உற்பத்தியாளர் சங்கம் 2021-இல் கொண்டுவந்த விதிகளின்படி, ‘ஜப்பானீஸ் விஸ்கி’ என்று போட வேண்டுமானால் முளைகட்டிய தானியம் கட்டாயம். தண்ணீர் ஜப்பானில் எடுத்ததாக இருக்க வேண்டும். நொதித்தலும் வடித்தலும் அங்கேயே நடக்க வேண்டும். 700 லிட்டருக்கு மிகாத மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் ஜப்பானிலேயே முதிர வேண்டும். பாட்டிலில் அடைப்பதும் அங்கேயே, குறைந்தது 40% ஆல்கஹாலுடன். பழைய லேபிள்களை மாற்ற 2024 மார்ச் வரை அவகாசம் தந்தார்கள். ஆனால் இது சங்க உறுப்பினர்களை மட்டுமே கட்டுப்படுத்தும், சட்டமல்ல. இன்னொரு ஜப்பானிய நிறுவனமான நிக்காவின் ‘நிக்கா ஃப்ரம் தி பேரல்’ இந்த வரையறைக்குள் வராது என்று அந்த நிறுவனமே வெளிப்படையாகச் சொல்கிறது. அருமையான விஸ்கிதான்; என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குவது முக்கியம். பழைய பாட்டில்களில் ‘தொக்யூ’ என்ற சிறப்புத் தர முத்திரை இருந்தால் அது 1989-க்கு முந்தைய சரக்கு. அந்த ஆண்டு ஏப்ரலில் வரிச் சீர்திருத்தத்தோடு தரப் பிரிவுகள் ஒழிந்தன.

போலிகளில் அசல் பாட்டிலே பயன்படுவதுதான் பெரிய தொல்லை. காலி ஹிபிகி பாட்டில்கள் பெட்டியோடு இணையத்தில் விற்பனையாகின்றன. அலங்காரத்துக்கு வாங்குபவர்களும் உண்டு, மறுபடி நிரப்புபவர்களும் உண்டு. ஆகவே கண்ணாடியில் 24 பட்டைகள் சரியாக இருக்கின்றன என்பதை மட்டும் வைத்து நம்பிவிடக் கூடாது. மூடியைச் சுற்றிய சீலில் சுருக்கமோ பசைத் தடமோ இருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள். ஹிபிகியின் லேபிள் ஜப்பானின் எச்சிசென் பகுதியில் கையால் செய்யும் வாஷி காகிதம். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தால் நார்கள் ஒழுங்கில்லாமல் ஓடுவது தெரியும். நகலில் அந்த இடத்தில் அச்சுப் புள்ளிகள் தெரியக்கூடும். திரவத்தின் மட்டத்தை அதே வெளியீட்டின் இன்னொரு பாட்டிலோடு ஒப்பிடுங்கள், 700 மி.லி. பாட்டிலை 750 மி.லி. பாட்டிலோடு ஒப்பிட்டு ஏமாறாதீர்கள்.

வைன்போலப் படுக்க வைத்துப் பாழாக்குபவர்கள் பலர். 43% ஆல்கஹால் கார்க்கை அரித்து உதிர வைக்கும். பாட்டில் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். வெப்பநிலை ஏறி இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து சுருங்கி, ஆவி மெல்ல வெளியேறி மட்டம் இறங்கும். மூடியும் கழுத்தும் சேரும் இடத்தில் பாராஃபிலிமை (இழுத்தால் நீளும் மெழுகுப் படலம்) நன்றாக இழுத்து இரண்டு மூன்று சுற்று சுற்றினால் அது பெருமளவு குறையும். வெயில் பட்டால் நிறமும் லேபிளும் வெளிறும். ஈரம் மிகுந்தால் வாஷி பூஞ்சை பிடிக்கும். பாட்டிலுக்குள் விஸ்கி மேலும் முதிராது; வைத்திருப்பதால் சுவை கூடும் என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம்.

இவ்வகைப் பாட்டில்களைப் பல ஜப்பானியக் கடைகள் குலுக்கல் முறையில்தான் விற்கின்றன. நிர்ணய விலைக்கு வாங்க அதுவே நேர்வழி. வாங்கியதைத் தொடர்ந்து மறுவிற்பனை செய்ய அந்நாட்டின் மதுவரிச் சட்டப்படி வரி அலுவலக உரிமம் வேண்டும். வீட்டிலிருக்கும் ஒன்றிரண்டை எப்போதோ ஒருமுறை விற்பதற்கு அது தேவைப்படாது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்